எங்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளைக்கு யார்?

குடும்பப் பாடம்



வலது குறைந்த ஒரு பிள்ளையை வளர்க்கும் தாய் தந்தையருடன் சற்று நேரம் பேசிப் பாருங்கள். பேச்சு மருந்தில் தொடங்கலாம், பாடசாலையில் தொடங்கலாம், ஆனால் ஈற்றில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். “நாங்கள் இருக்குமட்டும் பார்ப்போம். நாங்கள் கண்ணை மூடினால் இந்தப் பிள்ளைக்கு யார்?”

சாப்பாடு, மருந்து, செலவு என்ற கவலைகளுக்கு ஏதோவொரு வழி பிறந்துவிடும். இந்த ஒரு கேள்விதான் எழுபது வயதுத் தாயின் நித்திரையைக் கெடுக்கிறது. மூத்தவன் கனடாவில், இளையவள் லண்டனில் என்று ஆகிவிட்ட வீடுகளில் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. பணம் வருகிறது, பிள்ளையின் கையைப் பிடித்து நடத்துவதற்கு ஆள் இல்லை.

இது ஒருசில குடும்பங்களின் துன்பம் என்று எண்ணிவிடாதீர்கள். 2012-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, நமது நாட்டில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 16 இலட்சத்து 17 ஆயிரத்துக்கும் அதிகமானோர், பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல், தம்மைத் தாமே கவனித்தல், பிறருடன் தொடர்பு கொள்ளல் ஆகியவற்றுள் ஒன்றிலாவது சிரமம் உடையவர்கள். நூறு பேருக்கு ஏறத்தாழ ஒன்பது பேர்! உங்கள் பங்கில் 1,000 பேர் இருந்தால், இக்கணக்கின்படி 90 பேர் வரை இருக்க வேண்டும். ஞாயிறு திருப்பலியில் எத்தனை பேரைக் காண்கிறீர்கள்? மற்றவர்கள் எங்கே?

இக்கேள்விக்கு ஏட்டுச் சுரைக்காயான பதில் வேண்டாம். ஏறத்தாழ 700 ஆண்டுகளாக ஒரு பட்டணத்து மக்கள் தம் வீடுகளிலேயே வாழ்ந்து காட்டிய பதில் ஒன்று உண்டு. அதை இன்று படிப்போம்.

ஒரு பட்டணத்தின் கதை

பெல்ஜிய நாட்டில், அன்ற்வேர்ப் மாகாணத்தில், கேல் என்றொரு பட்டணம் இருக்கிறது. அங்கே புனித டிம்ப்னாவின் ஆலயம் உள்ளது. மரபு வழிவந்த வரலாற்றின்படி, இவர் ஏழாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் அரசன் ஒருவனுக்குப் பிறந்த மகள். கிறிஸ்தவளான தாய் இறந்ததும், துயரத்தால் புத்தி பேதலித்த தந்தை, தாயின் சாயலில் இருந்த மகளையே மணக்க விரும்பினான். தம் ஆன்ம குருவான கெரபெர்னுசுடன் கடல் கடந்து தப்பி, கேலுக்கு அருகில் ஒளிந்து வாழ்ந்த டிம்ப்னாவை அவன் தேடிப் பிடித்து, குருவானவரைக் கொல்வித்து, மகளின் தலையைத் தன் கையாலேயே வெட்டினான். இந்த வரலாறு எழுத்தில் வந்தது 13-ஆம் நூற்றாண்டில்தான். அதில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு மரபு என்பதை அறிஞர் ஆராயட்டும். பித்தம் கொண்ட ஒருவனால் மடிந்த அப்பெண்ணை, பித்தம் கொண்டோருக்கே துணைவியாக மக்கள் கண்டார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம்.

மனநோயாளரை அழைத்துக்கொண்டு உறவினர்கள் அவ்வாலயத்துக்கு வரத் தொடங்கினார்கள். ஆலயத்தை ஒட்டி நோயாளர் தங்க ஓர் இல்லம் கட்டப்பட்டது. ஒன்பது நாள் அங்கே தங்கிச் செபிப்பது வழக்கம். ஆனால் வந்தவர்களுக்கு இடம் போதவில்லை. நவநாள் முடிந்தும் பலர் குணமாகவில்லை. சிலரை அழைத்துச் செல்ல வீட்டார் திரும்பி வரவுமில்லை. ஆகவே ஆலயத்தார் ஊர்மக்களிடம் கேட்டார்கள்: “இவர்களை உங்கள் வீட்டில் வைத்திருப்பீர்களா?”

ஊர்மக்கள் வைத்திருந்தார்கள். அவர்கள் வைத்தியர்கள் அல்லர், படித்தவர்களும் அல்லர். மாடும் வயலும் வைத்திருந்த சாதாரண கமக்காரர்கள். வந்தவர் மாட்டுக்குப் புல் வெட்டினார், கிழங்கு கிண்டினார், தொட்டில் ஆட்டினார், வீட்டாருடன் ஒரே மேசையில் சாப்பிட்டார்.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுப் புரட்சியாளரின் ஆட்சியில் ஆலயம் மூடப்பட்டது. ஆனால் வீடுகளின் கதவுகள் மூடப்படவில்லை. 1821-இல் பிரான்சின் பெயர்பெற்ற மனநோய் வைத்தியர் எஸ்கிரோல் நேரில் வந்து இதைப் பார்த்து எழுதினார். 1850-இல் பெல்ஜிய அரசு இதன் பொறுப்பை ஏற்று, 1862-இல் ஒரு வைத்தியசாலையையும் அமைத்தது. 1902-இல் அன்ற்வேர்ப் நகரில் கூடிய சர்வதேச மாநாடு, மனநோயாளரைக் குடும்பங்களில் வைத்துப் பராமரிக்கும் முறையையே சிறப்பாக ஆராய்ந்தது. 1930-களின் இறுதியில் 3,700-க்கும் மேற்பட்டோர் அந்தச் சிறு பட்டணத்தின் வீடுகளில் வாழ்ந்தார்கள். மனநோயாளர் மட்டுமன்றி, மனவளர்ச்சி குன்றியோரும் அவர்களுள் பெருந்தொகையினர். 2023-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம், பாதுகாக்கத் தக்க நல்ல நடைமுறைகளின் பதிவேட்டில் கேல் பட்டணத்தின் இம்மரபைச் சேர்த்துக்கொண்டது.

கேல் கற்பிக்கும் நான்கு பாடங்கள்

முதலாவது, பெயர். கேல் மக்கள் தம்மிடம் இருப்பவரை ‘நோயாளி’ என்றோ ‘பைத்தியம்’ என்றோ அழைப்பதில்லை. அவர்கள் மொழியில் வழங்கும் சொல்லுக்கு, வீட்டில் சாப்பாடு எடுத்துத் தங்கியிருப்பவர் என்பதே பொருள். ‘போடிங்கில் இருப்பவர்’ என்று நாம் சொல்வோமே, அப்படி. அவரை ஏற்கும் குடும்பத்துக்கு அவருடைய நோயின் பெயரைச் சொல்வதுமில்லை. அவருடன் வாழ்வதற்கு எதை அறிய வேண்டுமோ, அதை மட்டும் சொல்வார்கள். நம் ஊர்களிலோ, ஒரு பிள்ளைக்குத் திருமுழுக்கில் இட்ட பெயர் மறைந்து, ‘அந்த ஊமை’, ‘அந்த நொண்டி’, ‘அந்த மண்டை சரியில்லாதது’ என்பதே பெயராகி விடுகிறது. பெயரைப் பறிப்பது மனிதனைப் பறிப்பதன் முதற்படி அல்லவா?

இரண்டாவது, வேலை. கேலில் தங்குபவர் சும்மா இருத்திச் சோறு போடப்படுபவர் அல்லர். இயன்ற வேலையைச் செய்தார், செய்ததற்காக மதிக்கப்பட்டார். ‘பாவம், அதுக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொல்லி, தேங்காய் துருவக்கூட விடாமல் ஒரு பிள்ளையை வாங்கில் இருத்தி வைப்பது இரக்கம்போலத் தோன்றும். ஆனால் அது அப்பிள்ளையின் கைகளைக் கட்டிப்போடும் வேலையாகும்.

மூன்றாவது, ஆளை உள்ளபடி ஏற்றல். 1970-களில் அங்கே சென்று தங்கிக் கற்ற எலன் பக்ஸ்டர் என்ற அமெரிக்கப் பெண் சொன்ன சம்பவம் இது. ஒரு வீட்டில் தங்கியிருந்தவர் தினமும் தம் சட்டைப் பொத்தான்களை முறுக்கிப் பிடுங்கிவிடுவார். வீட்டுப் பெண் தினமும் இரவில் இருந்து அவற்றைத் திரும்பத் தைத்துக் கொடுப்பாள். அறுக்க முடியாத நூலால் தைத்தால் என்ன என்று கேட்டபோது, அதைவிட மோசமான காரியம் வேறில்லை என்று அவள் மறுத்துவிட்டாளாம். ஏன்? பொத்தானை முறுக்குவது அந்த மனிதனுக்குத் தேவையாக இருந்தது. அவரைத் திருத்த வேண்டும் என்று அவள் புறப்படவில்லை. அதனால் அவளுக்குக் கோபமும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. ஊசியும் நூலும் மட்டுமே செலவு. பிள்ளை ஏன் மற்றவர்களைப்போல் இல்லை என்று இருபது வருடமாகப் போராடிக் களைத்த பெற்றோர் இந்தப் பெண்ணைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான்காவது, இதுவே நம் கேள்விக்கான பதில். கேலில் ஒரே குடும்பத்துடன் முப்பது, நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் உண்டு. ஏற்றுக்கொண்ட தாய் தந்தையர் முதுமை அடைந்து இறக்கிறார்கள். பின்னர் என்ன? அவர்களுடைய மகனோ மகளோ அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் மடியில் வளர்ந்தவர்கள்; அவர் தள்ளிய தள்ளுவண்டியில் இருந்தவர்கள். அவர் அவர்களுக்குப் புதியவர் அல்லர். கவனியுங்கள்: சாகும் தறுவாயில் யாரிடமும் சத்தியம் வாங்கி அவரை ஒப்படைக்கவில்லை. முப்பது வருடங்களாக அவர் வீட்டின் நடுவில் இருந்தார். ஆகவே முப்பத்தோராம் வருடமும் இருந்தார். ‘எங்களுக்குப் பிறகு யார்’ என்ற கேள்விக்கு விடை நம் மரணத்தின்போது தேடப்படுவதன்று. பிள்ளையை யார் யாருக்குத் தெரியும், யார் யாருக்குப் பழக்கம் என்பதில், இன்றே அது எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.

மறுபக்கத்தையும் பார்ப்போம்

கேல் ஒரு மோட்சம் அன்று. முற்காலத்தில் சிலருக்குக் கால்விலங்கு பூட்டப்பட்டதும் உண்டு. வைத்தியர்களின் மேற்பார்வை வந்த பின்னரே அது ஒழிந்தது. இன்றும் அங்கே குடும்பம் தனித்து விடப்படுவதில்லை. ஏற்கும் வீட்டாருக்கு ஒரு தொகை கொடுக்கப்படுகிறது. தாதியர் வீட்டுக்கு வந்து பார்க்கிறார்கள். நோய் கடுமையானால் வைத்தியசாலை ஏற்றுக்கொள்கிறது. வீட்டார் களைத்தால் ஓய்வுக்கு இடமுண்டு. அன்பு மட்டும் போதும் என்று கேல் சொல்லவில்லை. அன்புக்குப் பின்னால் ஊரும் அரசும் வைத்தியமும் நிற்க வேண்டும் என்றே சொல்கிறது.

இன்னொன்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்நூறளவாக இருந்த தொகை இன்று மிகவும் குறைந்துவிட்டது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள். வயல்கள் குறைந்துவிட்டன. பகலில் வீட்டில் ஆள் இல்லை. வேறு பராமரிப்பு முறைகளும் வந்துவிட்டன. வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, பெரிய வீட்டில் இரண்டு முதியவர்களாக இருக்கும் நமக்கு இது புரியாததன்று. ஆகவே கேல் செய்ததை அப்படியே நாமும் செய்வது இயலாது. அதன் உட்பொருளை நம் வீட்டுக்கேற்ப எடுத்துக்கொள்வதே விவேகம்.

முதலில் ஒரு முள்ளை எடுப்போம்

பலருடைய நெஞ்சில் தைத்திருக்கும் முள் ஒன்று உண்டு. ‘யார் செய்த பாவமோ?’ என்பதே அது. அயலவர் வாய்விட்டுச் சொல்வார்கள். மாமி மறைமுகமாகச் சொல்வார். தாய் தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். பிறவியிலேயே கண் தெரியாத மனிதனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா என்று ஆண்டவரிடம் கேட்டதை யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்பதே அவர் தந்த பதில். ஆண்டவர் தீர்த்துவைத்த வழக்கை நாம் மறுபடியும் விசாரிக்க எடுப்பதேன்?

கருவிலேயே மரபணுவில் நேரும் மாற்றம், பிரசவ நேரத்தில் மூச்சுத்திணறல், காய்ச்சல், விபத்து எனக் காரணங்கள் பல. 1983 முதல் 2009 வரை நம் மண்ணில் நடந்த யுத்தமும், அது புதைத்து விட்டுச் சென்ற கண்ணிவெடிகளும் எத்தனையோ பேரின் கைகால்களையும் கண்களையும் பறித்தன. இவற்றுள் எதிலும் ஒரு தாயின் பாவத்தைத் தேட இடமில்லை.

இந்த முள் எடுபடாதவரை பிள்ளை பின்னறையிலேயே இருக்கும். அக்காவுக்குக் கல்யாணம் பேச ஆட்கள் வந்தால் அறைக் கதவு சாத்தப்படும். சாத்திய கதவுக்குள் இருக்கும் பிள்ளையை நாளைக்கு யார் பொறுப்பேற்பார்? வரப்போகும் மருமகன் முதல் நாளே அவனைக் கண்டு, அவனுக்குக் கை கொடுத்து, அவனும் இந்த வீட்டுப் பிள்ளை என்று அறிந்து வருவதே நல்லது. அதைக் கண்டு திரும்பிப் போகிறவர் போகட்டும். அவர் எப்படியும் நாளைக்குத் துணை நிற்கமாட்டார்.

வீட்டில் இன்றே செய்யக் கூடியவை

பழக்குங்கள். பல் துலக்குதல், உடுப்பு மாற்றுதல், கோப்பை கழுவுதல் போன்ற வேலைகளைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒருநேரத்தில் ஒரு படியாகக் காட்டிக் கொடுங்கள். ஒரு மாதம் செல்லலாம். ஆறு மாதம் செல்லலாம். தானாகச் செய்யக் கற்ற ஒவ்வொரு வேலையும் நாளைக்குப் பார்ப்பவரின் சுமையைக் குறைக்கும். பிள்ளையின் மானத்தையும் காக்கும். உடம்பை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதையும் கற்றுக்கொடுங்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாத பிள்ளைகளைத் தீயவர்கள் தேடிப் பிடிக்கிறார்கள் என்பதை மறவாதீர்கள்.

எழுதி வையுங்கள். ஒரு கொப்பி எடுங்கள். என்ன மருந்து, எத்தனை நேரம், எந்த வைத்தியசாலையின் எந்தக் கிளினிக். எந்தச் சாப்பாடு பிடிக்கும், எது ஒத்துக்கொள்ளாது. இடி முழக்கத்துக்குப் பயமா. அழும்போது எதைச் சொன்னால் ஆறும்? இவையெல்லாம் இப்போது தாயின் தலைக்குள் மட்டுமே இருக்கின்றன. அவர் ஒருநாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பிறப்பத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, கிளினிக் புத்தகம் யாவும் அந்தக் கொப்பியுடன் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

சகோதரங்களுடன் பேசுங்கள். ‘நீதான் பார்க்க வேண்டும்’ என்று பத்து வயதுப் பிள்ளையின் தலையில் சுமத்துவதும் பிழை. ஒன்றும் சொல்லாமலே இறந்துவிடுவதும் பிழை. வளர்ந்த பிள்ளைகளை இருத்தி, யாரால் எது இயலும் என்று கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் பணம் அனுப்பலாம். கிழமைக்கு ஒருமுறை தொலைபேசியில் முகம் காட்டிப் பேசலாம். விடுமுறைக்கு வரும்போது இரண்டு வாரம் முழுப் பொறுப்பையும் ஏற்கலாம். காணி, வீடு, பணம் பற்றிச் சட்டத்தரணி ஒருவரிடம் ஆலோசனை கேட்டு, பிள்ளைக்குரியது பிள்ளைக்கே பயன்படும்படி உறுதியாக எழுதுங்கள். வாய்ச்சொல்லை மட்டும் நம்பி எல்லாவற்றையும் ஒருவர் பெயருக்கு மாற்றிவிடாதீர்கள்.

உரிமையைக் கேளுங்கள். வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28-ஆம் இலக்கச் சட்டம் 1996-இல் நம் நாட்டில் நிறைவேற்றப்பட்டது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016-இல் ஏற்று உறுதிசெய்தது. பாடசாலையில் சேர்ப்பதும், உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதும் பிச்சை கேட்பது ஆகா. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்து, உங்கள் குடும்பத்துக்கு எவை உரித்தானவை என்று விசாரியுங்கள்.

பங்கு மக்களுக்கு ஒரு வார்த்தை

மேலே சொன்னவை யாவும் அக்குடும்பத்துக்கு உரியவை. ஆனால் கேல் ஒரு குடும்பத்தின் பெயரன்று, ஊரின் பெயர். திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு சுமந்து, கூரையைப் பிரித்து இறக்கியவர்கள் நால்வர். ஒருவரால் அது நடந்திராது.

உங்கள் அயலில் இப்படியொரு தாய் இருந்தால், ‘நாங்கள் செபிக்கிறோம்’ என்று சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். சனிக்கிழமை காலை இரண்டு மணித்தியாலம் அவருடைய பிள்ளையுடன் இருங்கள். அவர் சந்தைக்குப் போய் வரட்டும். அல்லது படுத்து நித்திரை கொள்ளட்டும். முதல் வாரம் பிள்ளை உங்களுக்குப் பயப்படும், நீங்களும் பயப்படுவீர்கள். ஐந்தாவது வாரம் படலையில் உங்களைக் கண்டதும் சிரிக்கும். அன்றைக்கு அந்தத் தாய்க்குத் தன் கேள்விக்கான பதிலில் ஓர் எழுத்துத் தெரியத் தொடங்கும்.

கோவிலில் ஒரு பிள்ளை சத்தமிட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள். அந்த ஒரு பார்வையால் திருப்பலியையே விட்டுவிட்ட குடும்பங்கள் உண்டு. ஆலய வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இல்லையேல், அடுத்த பெருநாளுக்கு அலங்கார வளைவு கட்டுமுன் அதைக் கட்டுவோம். உடலிலோ உள்ளத்திலோ குறைபாடு உள்ளோருக்கும் அவர்கள் நிலைக்கேற்ப மறைக்கல்வி கொடுக்கப்பட வேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 777-ஆம் சட்டம் பங்குத்தந்தையர்க்கு இடும் கடமை. ஆகவே பெற்றோரே, ‘இவனுக்கு விளங்காது’ என்று நீங்களே தீர்மானித்துவிடாமல், முதல் நன்மைக்குரிய வயதில் பிள்ளையை அழைத்துக்கொண்டு பங்குத்தந்தையிடம் வாருங்கள்.

வாசகரே, கேல் மக்கள் ஒருநாளில் பெரிய காரியம் எதையும் செய்யவில்லை. ஒரு கோப்பை கூடுதலாக வைத்தார்கள். ஒரு கதிரையை மேசைக்கு இழுத்துப் போட்டார்கள். அடுத்த நாளும் அப்படியே செய்தார்கள். அதுவே 700 வருடமாயிற்று.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நமது வீட்டில், அல்லது உறவில், விருந்தினர் வரும்போது மறைக்கப்படுபவர் யாராவது உண்டா? ஏன்?

2. அவருக்கு நாம் செய்துகொடுக்கும் வேலைகளில், அவரே செய்யக் கற்கக்கூடியது எது?

3. தாய் தந்தையர் தவிர, அவருடன் ஒருநாள் முழுவதும் இருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? அவர்களின் பெயரைச் சொல்லுங்கள். ஒருவரும் இல்லையேல், முதலாவது ஆளை எப்படிப் பழக்கலாம்?

4. நமது வட்டாரத்தில் இப்படியான குடும்பம் எது? இந்த மாதத்தில் எந்த நாளில், எந்த நேரத்தில், யார் அங்கே போவது? தீர்மானித்து எழுதுங்கள்.